பழைய ட்யூப் ஆம்ப்: கேள்வி உங்களது, சால்டர் நம்மளது

இந்த தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பழைய ட்யூப் கிட்டார் ஆம்ப் (கண்ணாடி வால்வு வச்ச ஆம்ப்ளிஃபையர்) பத்தித்தான், அதனால முழு பகுதியையும் அதுக்கே விட்டுட்டேன். ஒரே கேள்விய ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தா சேத்து ஒண்ணாக்கியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, எங்க பெரியப்பா மேடையில வாசிச்ச ட்யூப் ஆம்ப் ஒண்ணு 20 வருஷத்துக்கு மேல பரண்ல கெடந்துச்சு. தூசி தொடச்சு வச்சிருக்கேன், பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ ப்ளக்க சொருகி உயிர் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வேலைய ஆரம்பிக்கலாமா?
- பரண்ல புதையல் எடுத்தவர்

பதில்: வேணாம் தம்பி. அந்த 'ஒரு தடவ'தான் நெறைய ஆம்ப்ப காலி பண்ணியிருக்கு. உள்ள பவர் சப்ளையில எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்னு (ஃபில்டர் கெப்பாசிட்டர்னும் சொல்வாங்க) குண்டு குண்டா நாலஞ்சு இருக்கும், அலுமினிய தகட்டு மேல ரொம்ப மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம், அதுதான் கரண்ட தடுத்து நிறுத்துற வேலைய பாக்குது, வோல்டேஜ் பட்டுட்டே இருந்தாத்தான் அந்தப் படலம் உருப்படியா இருக்கும், வருஷக்கணக்கா சும்மா கெடந்தா அது நைஞ்சு போயிடும், உள்ள ஊறியிருக்குற திரவமும் காஞ்சிடும். அந்த நெலமையில திடுதிப்புனு 400 வோல்ட்ட ஏத்துனா ஷார்ட்டாகி சூடாகி வெடிக்கக்கூட செய்யும். அது மட்டும் போனா பரவால்ல, போகும்போது ரெக்டிஃபையர் ட்யூபையும் (ஏ.சி.ய டி.சி. ஆக்குறது) மெயின்ஸ் (வீட்டு லைன் கரண்ட்) ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேத்து இழுத்துட்டுப் போகும். புது கெப்பாசிட்டர் சுலபமா கெடைக்கும், அந்த காலத்து ட்ரான்ஸ்ஃபார்மர் கெடைக்காது. பழைய ஆம்ப்ல காப்பாத்த வேண்டிய முதல் ஆள் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்தான், மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல கண்ணால பாருங்க. ஃப்யூஸ கழட்டிப் பாருங்க, யாராச்சும் மகராசன் வெள்ளித்தாள் சுத்தி வச்சிருப்பான், அப்படி இருந்தா இந்த ஆம்ப்ல முன்னாடியே ஏதோ ஷார்ட் இருந்திருக்குன்னு அர்த்தம், சரியான ஆம்பியர் எவ்வளவுன்னு பின்பக்க பேனல்லயே அச்சடிச்சிருக்கும், அதையே போடுங்க. ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தார் மாதிரி ஒழுகியிருக்கா, கருகுன வாடை வருதா, ரெசிஸ்டர் நடுவுல கருப்பா ஆகியிருக்கா, கெப்பாசிட்டர் முனையில கொப்புளமோ வெள்ளையா பொருக்கோ இருக்கா, எலி கூடு கட்டியிருக்கான்னெல்லாம் பாக்கணும். ட்யூப் எது எந்த சாக்கெட்ல இருந்துச்சுன்னு ஃபோட்டோ எடுத்துட்டு அத்தனையையும் கழட்டி வச்சிருங்க. ட்யூபோட உச்சியிலயோ பக்கத்துலயோ கண்ணாடிக்குள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு பூச்சு இருக்கும், அது பால் வெள்ளையா மாறியிருந்தா காத்து உள்ள போயிடுச்சு, அந்த ட்யூப் செத்துச்சு.

இன்னொரு விஷயம், 60-கள்ல வந்த ஃபெண்டர் கம்பெனி ஆம்ப்புகள்ல நெறையத்துல உள்ள தொறந்து பாத்தா பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணுமே கண்ணுல படாது. சேசிஸோட (பாகமெல்லாம் மாட்டியிருக்குற உலோகத் தட்டு) மறுபக்கம், ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்குற பக்கத்துல, சோப்பு டப்பா சைஸ்ல ஒரு தகர மூடி இருக்கும், அத கழட்டுனா வரிசையா படுத்துருக்கும். இது தெரியாம 'ஃபில்டர் கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தியாச்சு'ன்னு சொல்லி வித்த ஆம்ப்ப நானே கையில வாங்கிப் பாத்திருக்கேன், மூடியோட ஸ்க்ரூ தலையில அம்பது வருஷத்து தூசி அப்படியே இருந்துச்சு.

எலக்ட்ரோலிட்டிக்க எல்லாம் மாத்துனதுக்கு அப்புறம் கரண்ட் குடுக்கும்போதும் நேரா குடுக்காதீங்க. ஒரு குண்டு பல்பு, 60 இல்ல 100 வாட், ஆம்ப்புக்கு போற ஃபேஸ் ஒயர்ல சீரிஸா போட்டுக்கோங்க. எல்.இ.டி. பல்பு, சி.எஃப்.எல். இதுக்கு ஆகாது, ஃபிலமென்ட் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறணும், அதுதான் இங்க காவல்காரன். ட்யூப் ஒண்ணும் இல்லாம ஆன் பண்ணுனா பல்பு பளிச்சுனு ஒரு நொடி எரிஞ்சு உடனே மங்கணும், மங்காம முழுசா எரிஞ்சா எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப் பண்ணிட்டு தேடுங்க. மங்குனா ஹீட்டர் (ட்யூப உள்ள சூடாக்குற கம்பி) வோல்டேஜ் 6.3 ஏ.சி. பக்கத்துல இருக்கான்னு பாருங்க (பல்பு இருக்குறவரை கொஞ்சம் கம்மியா காட்டும்). அடுத்து ரெக்டிஃபையர் ட்யூப், அப்புறம் பவர் ட்யூப் (ஸ்பீக்கர ஓட்டுறது), ப்ரீஆம்ப் ட்யூப் (கிட்டார் சிக்னல முதல்ல பெருசாக்குறது)னு ஒண்ணொண்ணா. பவர் ட்யூப் போடாதப்ப லோடு இல்லாததால ஹை வோல்டேஜ் வழக்கத்த விட மேல ஏறி நிக்கும், பல்ப எடுத்துட்டு நேரா குடுக்குறதா இருந்தா உங்க புது கெப்பாசிட்டரோட வோல்ட் அளவு அத தாங்குமான்னு பாத்துக்கோங்க.

வேரியாக் (வோல்டேஜ திருகி ஏத்தி எறக்குற ட்ரான்ஸ்ஃபார்மர்) வச்சு மெதுவா ஏத்தி பழைய கெப்பாசிட்டரையே 'எழுப்பலாமே'ன்னு கேப்பீங்க. எழுப்பலாம், சிலது எழும்பும், ஆனா ரெக்டிஃபையர் ட்யூபா இருந்தா ஹீட்டர் போதுமான சூடு ஏறுற வரைக்கும் அது ஒண்ணுமே விடாது, நீங்க மெதுமெதுவா திருப்பிட்டு இருப்பீங்க, கெப்பாசிட்டருக்கு சைபர், பாதிக்கு மேல போனதும் பொசுக்குனு நூத்துக்கணக்குல வோல்ட். அந்த ட்யூபுக்கு பதிலா டயோடு தற்காலிகமா போட்டு பண்ணுனாத்தான் அதுக்கு அர்த்தம். என் கட்சி, மாத்திருங்க.

கேள்வி: ப்ளக்க புடுங்கிட்டா ஷாக் அடிக்காதுதானே? ஃப்ரெண்டு ஒருத்தன் ஸ்க்ரூட்ரைவர வச்சு கெப்பாசிட்டர ஷார்ட் பண்ணுனா போதும்ங்கிறான்.
- புதுசா சால்டர் பிடிச்சவன்

பதில்: அடிக்கும். ஆஃப் பண்ணி ப்ளக்க புடுங்குனாலும் 300, 400 வோல்ட் உள்ள உக்காந்துட்டு இருக்கலாம், அதுவும் பவர் ட்யூப் கழட்டுன ஆம்ப்ல கரண்ட் வடியுறதுக்கு வழியே இல்லாம ரொம்ப நேரம் நிக்கும். ஸ்க்ரூட்ரைவர் வைத்தியம் வேணாம், பட்டாசு மாதிரி வெடிச்சு சத்தம் வரும், ஸ்க்ரூட்ரைவர் முனை உருகும், கெப்பாசிட்டருக்கும் கெடுதல், உங்க கைக்கும் கெடுதல். 1 கே-ல இருந்து 10 கே ஓம் வரைக்கும் ஏதாச்சும் ஒரு 5 வாட் ரெசிஸ்டர எடுத்து ரெண்டு பக்கமும் இன்சுலேஷன் உள்ள க்ளிப் ஒயர் போட்டுக்கோங்க, ஒரு முனைய முதல்ல சேசிஸ்ல கவ்வ விட்டுட்டு இன்னொரு முனைய கெப்பாசிட்டரோட பாசிட்டிவ்ல தொடுங்க, கொஞ்ச நேரம் வச்சிட்டு மல்டிமீட்டர்ல பாருங்க. மீட்டர் சைபர் பக்கத்துல காட்டுனாத்தான் கைய உள்ள விடணும், 'வடிஞ்சிருக்கும்'ங்கிற நம்பிக்கையில விடக்கூடாது. ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தனித்தனியா பாருங்க, நடுவுல ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தா ஒண்ணு வடிஞ்சிருக்கும் பக்கத்துல இருக்குறது அப்படியே நிக்கும். வேலை பாக்குற நேரம் முழுக்க அந்த க்ளிப்ப மாட்டியே வச்சிருங்க, ஏன்னா வடிச்ச கெப்பாசிட்டர்ல தானாவே கொஞ்சம் வோல்டேஜ் திரும்ப ஏறி வரும். மறுபடி ஆன் பண்றதுக்கு முன்னாடி க்ளிப்ப எடுக்க மறக்காதீங்க.

ஆன்ல இருக்கும்போது அளக்கணும்னா ஒரு கை பாக்கெட்ல. மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழட்டி வச்சிருங்க. இதெல்லாம் படிச்சிட்டு வயித்துல கலக்குச்சுன்னா அதுவும் நல்ல அறிகுறிதான், அனுபவப்பட்ட ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது ஆரம்பிங்க.

கேள்வி: என்கிட்ட இருக்குறது ரெண்டு முள்ளு ப்ளக் வச்ச பழைய அமெரிக்க ஆம்ப், பின்னாடி 'கிரவுண்ட்'னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. பாடிட்டே வாசிக்கும்போது மைக்குல உதடு பட்டா சுருக்குனு அடிக்குது. ஒரிஜினலா இருக்கட்டும்னு ஒயர மாத்தாம வச்சிருக்கேன். சரிதானா சார்?
- பாடகர் கம் ரிதம் கிட்டார்

பதில்: சார், ஒரிஜினல் ஒயர ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க, ஆம்ப்ல வேணாம். அந்த கிரவுண்ட் ஸ்விட்ச் பக்கத்துல ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஃபெண்டர்ல பொதுவா 0.047 மைக்ரோ ஃபாரட் 600 வோல்ட், மெயின்ஸ் ஒயர்ல இருந்து சேசிஸுக்கு போயிருக்கும். ஹம் (உம்ம்ம்னு வர்ற இரைச்சல்) குறையட்டும்னு அந்த காலத்துல போட்டது. அது நல்லா இருக்கும்போதே உங்க உதட்ட சுருக்குங்குது, ஷார்ட் ஆச்சுன்னா மெயின்ஸ் முழுசா சேசிஸுக்கு வரும், சேசிஸ்ல இருந்து கேபிள் வழியா கிட்டார் ஸ்ட்ரிங்குக்கு, அங்கேர்ந்து உங்க கைக்கு, மைக் எர்த் ஆகியிருந்தா உதடு வழியா வெளிய. டெக்னீஷியன்கள் அதுக்கு வச்சிருக்குற பேரு 'டெத் கேப்', சும்மா வைக்கல.

அத வெட்டி எடுத்துருங்க. மூணு முள்ளு ஒயர் போடுங்க, பச்சை எர்த் ஒயர சேசிஸ்ல நல்லா இறுக்கமா போல்ட்டு போட்டு, மத்த ஒயர்கள விட கொஞ்சம் நீளமா விட்டு வைங்க, யாராச்சும் இழுத்து புடுங்குனாலும் எர்த் கடைசியா அறுகணும். ஃபேஸ் முதல்ல ஃப்யூஸுக்கு, அப்புறம் ஸ்விட்சுக்கு, நியூட்ரல் நேரா ட்ரான்ஸ்ஃபார்மருக்கு. கிரவுண்ட் ஸ்விட்ச் அப்படியே அழகுக்கு இருக்கட்டும், ஒண்ணுலயும் கனெக்ட் ஆகாம. பழைய ஆம்ப்ல எதையும் மாத்தாதேன்னு எல்லார்கிட்டயும் சண்டை போடுற ஆள் நான், இந்த ஒரு விஷயத்துல மட்டும் வாக்குவாதமே கெடையாது.

அப்புறம் அமெரிக்க ஆம்ப்னா 110, 117, 120 வோல்ட்டுக்கு சுத்துன ட்ரான்ஸ்ஃபார்மரா இருக்கும். 230 வோல்ட் லைன்ல நேரா போட்டீங்கன்னா கதை முடிஞ்சுது, ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் ஆம்ப் இழுக்குற வாட்ட விட தாராளமா பெருசா, எர்த் ஒயர் தொடர்ச்சியா வர்ற மாதிரி.

கேள்வி: ஸ்பீக்கர கழட்டிட்டு ஆம்ப் ஆன் ஆகுதான்னு மட்டும் பாக்கலாமா?

பதில்: கூடாது. பவர் ட்யூப் இருந்தா லோடும் (ஸ்பீக்கரோ அதுக்கு சமமானதோ) இருக்கணும். லோடு இல்லாம சிக்னல் போச்சுன்னா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி சாக்கெட்லயோ வைண்டிங்லயோ தீப்பொறி பாயும். ஸ்பீக்கர் இல்லன்னா 8 ஓம் ஆம்ப்புக்கு 8 ஓம்ல ஒரு பெரிய வாட் ரெசிஸ்டர் போட்டுக்கோங்க.

கேள்வி: சார், ஆம்ப்ப புதுசாக்கிடலாம்னு எல்லா கெப்பாசிட்டரையும் ரெசிஸ்டரையும் விலை ஒசந்த ஆடியோஃபைல் ரகமா வாங்கி வச்சிட்டேன். ட்யூபும் பழைய ஸ்டாக் தேடிட்டு இருக்கேன். சவுண்டு எந்த அளவுக்கு மாறும்?
- செலவுக்கு தயங்காதவர்

பதில்: மாறும், நீங்க அந்த ஆம்ப்ப எதுக்காக புடிச்சு வாங்குனீங்களோ அதுல இருந்து மாறும்! அவசரப்படாதீங்க சார். எலக்ட்ரோலிட்டிக்குக்கு வயசு உண்டு, அத மாத்தணும், பயாஸ் (பவர் ட்யூப் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கணும்னு வைக்குற வோல்டேஜ்) சப்ளையில இருக்குற குட்டி எலக்ட்ரோலிட்டிக்கும் அதுல சேத்தி. ஆனா சிக்னல் வழியில இருக்குற கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னல விட்டு டி.சி.ய தடுக்குறது) வேற சாதி. 60-கள்ல மார்ஷல், வாக்ஸ் ஆம்ப்புகள்ல மஞ்சளா கடுகு நிறத்துல வர்ற ஃபிலிம் கெப்பாசிட்டர் இருக்கே, அதெல்லாம் இன்னிக்கும் பெரும்பாலும் கல்லு மாதிரி நிக்குது, ஃபெண்டர்ல வர்ற நீல நிற உருளைகளும் அப்படித்தான். அத புடுங்கி எறிஞ்சிட்டு புதுசு போடுறது வீண் செலவு மட்டும் இல்ல, ஆம்ப்போட மதிப்பையும் கொறைக்குது. மெழுகு பூசுன பேப்பர் கெப்பாசிட்டர்னா மட்டும் யோசிக்காம மாத்துங்க, அது ஈரம் குடிச்சு கண்டிப்பா லீக் ஆகும்.

சந்தேகம் இருந்தா அளங்க. கேத்தோடு பயாஸ் (தனி பயாஸ் சப்ளை இல்லாம கேத்தோடு ரெசிஸ்டர்லயே பயாஸ் வர்ற) ஆம்ப்னா பவர் ட்யூபோட கன்ட்ரோல் கிரிட்ல (சிக்னல் நுழையுற முனை), 6வி6, 6எல்6, இஎல்34 எல்லாத்துக்கும் அது 5-ஆம் பின், டி.சி. வோல்ட் சைபரா இருக்கணும். ஒண்ணு ரெண்டு வோல்ட் பாசிட்டிவா காட்டுனா அந்த பவர் ட்யூப கழட்டிட்டு மறுபடி அளங்க, அப்பவும் வோல்ட் இருந்தா முன்னாடி இருக்குற கப்ளிங் கெப்பாசிட்டர் லீக், போயிடுச்சுன்னா ட்யூப்தான் குத்தவாளி. வால்யூம் திருப்பும்போது எவ்வளவு க்ளீனர் அடிச்சும் கரகரன்னு வந்துட்டே இருக்கா, பாட் (வால்யூம் திருகு) மேல பழி போடாதீங்க, அதுக்கு முன்னாடி இருக்குற கெப்பாசிட்டர் டி.சி.ய கசிய விடுதான்னு பாருங்க.

பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் வயசாக ஆக மதிப்பு ஏறும். 20 சதவீதத்துக்கு மேல ஏறியிருந்தா மாத்துங்க. ப்ளேட்டுல (ட்யூபுக்கு ஹை வோல்டேஜ் வர்ற தகடு) இருக்குற 100 கே ரெசிஸ்டர் சத்தம் போட்டா மாத்துங்க, ஒண்ணும் பாடுபடுத்தலன்னா விடுங்க. ஃபெண்டர் ஆம்ப்புகள்ல அந்த கருப்பு ஃபைபர் போர்டே ஈரம் இழுத்து லேசா கடத்த ஆரம்பிக்குற கதையும் உண்டு, மீட்டரோட ஒரு முனைய சேசிஸ்ல வச்சு இன்னொரு முனைய வெறும் போர்டுல, எந்த பாகமும் இல்லாத இடத்துல தொட்டா சில சமயம் பத்து இருபது வோல்ட் காட்டும், எல்லா பாகமும் மாத்தியும் போகாத வினோதமான கொரகொரப்புக்கு இதுதான் காரணமா இருக்கும். ஹேர் ட்ரையர் வச்சு மிதமா சூடு பண்ணி உலர்த்திப் பாருங்க.

ட்யூப் விஷயத்துல, இன்னிக்கு புதுசா வர்றது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவுல செய்யுறது, வேலைக்கு தாராளமா போதும். பழைய ஸ்டாக்னு விக்குறதுல நெறைய, யாரோ வாசிச்சு கழட்டுன ட்யூப அட்டைப்பெட்டி மட்டும் புதுசா போட்டது. அந்த காச நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, இல்ல கிழிஞ்ச கோன மாத்துங்க, அந்த வித்தியாசம் கண்ண மூடிட்டு கேட்டாலே தெரியும்.

கேள்வி: உம்ம்ம்னு சத்தம் நிக்கவே மாட்டேங்குது, ஃபில்டர் எல்லாம் புதுசு. எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கிறது?

பதில்: காதுல இருந்து. சத்தம் மழுங்கலா, உங்க மெயின்ஸ் அதிர்வெண்லயே (50 இல்ல 60 ஹெர்ட்ஸ்) இருந்தா ஹீட்டர் ஒயரிங், எர்த், சில சமயம் ட்யூப். அதோட ரெண்டு மடங்கா (100 இல்ல 120) கூர்மையா இருந்தா பவர் சப்ளை, இல்லன்னா ரெண்டு பவர் ட்யூபும் சமமா இழுக்கல. வால்யூம சைபர் பண்ணுனதும் நின்னுச்சுன்னா அதுக்கு முன்னாடி, நிக்கலன்னா அதுக்கு பின்னாடி. அப்புறம் ஆம்ப்ப ஆஃப் பண்ணி, இன்புட் பக்கத்து ப்ரீஆம்ப் ட்யூப்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா கழட்டிட்டு வாங்க, எத கழட்டுனதும் சத்தம் போச்சோ அந்த ஸ்டேஜ்தான். ஹீட்டருக்கு நடு டேப் இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு எர்த்துக்கு போட்டா பாதி ஹம் அங்கயே செத்துரும்.

கேள்வி: அக்கா ஒருத்தங்க குடுத்த ஆம்ப், ரெண்டு 6எல்6ஜிசி பவர் ட்யூப். வாசிச்சு பத்து நிமிஷத்துல ஒரு ட்யூபோட ப்ளேட் செவப்பா ஆயிடுது. உள்ள நீலமாவும் வெளிச்சம் தெரியுது. ரெண்டுமே ஆபத்தா?
- பயந்து போன வாசகி

பதில்: நீலம் கண்ணாடி ஓரத்துல மினுக்குனா பயப்படாதீங்கம்மா, நல்ல ட்யூப்லயும் வரும், சிலதுல அழகாவே இருக்கும். செவப்புதான் வில்லன், பாத்த நொடியே ஆஃப்.

முதல்ல ரெண்டு ட்யூபையும் இடம் மாத்திப் போடுங்க. செவப்பு ட்யூபோடவே நகந்துச்சுன்னா ட்யூப் கெட்டது, அதே சாக்கெட்டுல நின்னுச்சுன்னா அந்த சாக்கெட்டுக்கு பயாஸ் வரல, இல்ல அந்தப் பக்கத்து கப்ளிங் கெப்பாசிட்டர் லீக், இல்ல சாக்கெட்டோட பின் பிடி தளர்ந்து போச்சு. ரெண்டுமே செவந்தா பயாஸ் சப்ளைய பாருங்க. அங்க வோல்டேஜ் நெகட்டிவ், அதனால அந்த எலக்ட்ரோலிட்டிக்கோட பாசிட்டிவ் முனைதான் எர்த்துக்கு போகணும், பழக்க தோஷத்துல தலைகீழா போட்டுட்டு ட்யூப எரிச்சவங்க ஊருக்கு பத்து பேர் உண்டு.

சரி பண்ணுனதும் பயாஸ் கணக்கு போடணும், பெரிய கணக்கு இல்ல. 6எல்6ஜிசி தாங்குறது 30 வாட், ஃபிக்ஸ்டு பயாஸ் (தனி பயாஸ் சப்ளை உள்ள) ஆம்ப்ல சும்மா இருக்கும்போது அதுல 70 சதவீதத்துக்கு மேல போக வேணாம், அதாவது 21 வாட். ப்ளேட்ல 420 வோல்ட் இருந்தா 21-ஐ 420-ஆல வகுத்தா 50 மில்லி ஆம்பியர், அதுதான் மேல் வரம்பு. நான் பெரும்பாலும் 35-லயே நிறுத்திருவேன், காதுக்கு வித்தியாசம் தெரியலன்னா ட்யூப எதுக்கு வறுக்கணும். அளக்குறதுக்கு ஒவ்வொரு கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவுல 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுட்டீங்கன்னா மீட்டர்ல வர்ற மில்லி வோல்ட்தான் மில்லி ஆம்பியர். ஸ்க்ரீன் (ட்யூபுக்குள்ள இருக்குற இன்னொரு கிரிட்) கரண்டும் அதுல கொஞ்சம் கலந்திருக்கும், பாதுகாப்பு பக்கம்தான் தப்பு வரும், விடுங்க.

கேள்வி: என் ஆம்ப் எந்த வருஷம்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

பதில்: அமெரிக்க ஆம்ப்னா பாட் முதுகையும் ஸ்பீக்கர் ஃப்ரேமையும் பாருங்க, நம்பர் குத்தியிருக்கும். 1376533-ன்னு இருந்தா 137 சிடிஎஸ் கம்பெனி, 65 வருஷம், 33-ஆவது வாரம். 304 ஸ்டாக்போல். ஸ்பீக்கர்ல 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு. ஆம்ப் அந்த தேதிக்கு முன்னாடி பொறந்திருக்க முடியாது, பின்னாடி எவ்வளவு நாள் கழிச்சுன்னு அது சொல்லாது, பாட் எல்லாம் குடோன்ல மாசக்கணக்குல கெடந்தும் இருக்கும். ஒரு பாட் மட்டும் வேற வருஷம் காட்டுனா யாரோ மாத்தியிருக்காங்க.

கேள்வி: மத்ததெல்லாம் ஓகே, ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் சுத்தமா வரல. டேங்க் (ஸ்ப்ரிங் இருக்குற பெட்டி) புதுசு வாங்கணுமா அண்ணே?

பதில்: ஆம்ப்ப லேசா தட்டிப் பாருங்க, ரிவெர்ப் ஏத்தி வச்சிட்டு தட்டுனா ஸ்ப்ரிங் இடி மாதிரி கடகடன்னா அவுட்புட் பக்கம் உயிரோட இருக்கு, இன்புட் பக்கம்தான் பிரச்சனை. ஃபெண்டர் ரக டேங்க்னா ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ஜாக்கையும் கழட்டி மீட்டர்ல ஓம் பாருங்க, இன்புட் 1 ஓம் பக்கத்துல, அவுட்புட் 200 ஓம் சுத்தி வரணும். மீட்டர் ஒண்ணுமே காட்டலன்னா பதறாதீங்க, டேங்குக்குள்ள ஜாக்குல இருந்து சுருளுக்கு போற தலைமுடி சைஸ் ஒயர் அறுந்திருக்கும், முனை கண்ணுக்கு தெரிஞ்சா ஒரு பொட்டு ஈயத்துல ஒட்டிரும். அதுவும் நல்லா இருந்தா கேபிள், அதுக்கு அப்புறம் ரிவெர்ப் ட்ரைவர் ட்யூப். புது டேங்க் வாங்குறது இதுக்கெல்லாம் பின்னாடிதான், வாங்குனாலும் பழசுல அச்சடிச்சிருக்குற நம்பர், 4ஏபி3சி1பி மாதிரி, அதே நம்பரா பாத்து வாங்குங்க தம்பி, வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள சுருள் வேறயா இருந்தா சத்தமே வராது.